பல்கனிச் சோலர்: ஜேர்மனியில் எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது என்னிடம் அதிகம் கேட்கப்படுவது பல்கனிச் சோலரைப் பற்றித்தான், அதாவது பல்கனியில் பூட்டி வீட்டுச் சொக்கெட்டில் கொழுவுகிற சின்னச் சூரிய மின்தொகுதி. எங்கள் பல்கனிக் கம்பியில் இரண்டு பலகைகள் தொங்குவது பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்தாலே தெரியும். அதனால்தான் என்னைப் பிடிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பேசி அனுப்பிப் பார்த்தேன், முடியவில்லை. எனவே இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே விதிகள் 2024ஆம் ஆண்டு இரண்டு தடவை பெரிதாக மாறின. மே 16இல் மின்சாரப் பக்கத்து விதி, ஒக்டோபர் 17இல் வாடகைப் பக்கத்து விதி. அதற்கு முந்திய காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

உது என்னண்டு வேலை செய்யுது? சொக்கெட்டில இருந்து கரண்ட் வாறதுதானே, அதுக்குள்ள எப்பிடிக் கரண்டை விடுறது?

வீட்டுத் தொட்டிக்கு நகரசபைக் குழாயும் கிணற்றுக் குழாயும் சேர்ந்து வருவதாக நினையுங்கள். கிணற்றுத் தண்ணீர் வருகிற அளவுக்கு நகரசபைத் தண்ணீர் குறைவாக இறங்கும். இதுவும் அப்படித்தான். பலகையில் உண்டாகும் நேர்மின்னோட்டத்தை இன்வேட்டர் என்ற சின்னப் பெட்டி 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மாறுமின்னோட்டமாக்கி, சுவர்ச் சொக்கெட் வழியாக வீட்டு வயருக்குள் விடுகிறது. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் குளிர்ப்பெட்டி, இணையப் பெட்டி எல்லாம் முதலில் அதை எடுத்துக்கொள்ளும். போதாததுதான் வெளியிலிருந்து மீற்றர் வழியாக வரும். ஜேர்மன்காரர் இதை பல்கோன்கிராஃப்ட்வேர்க் என்கிறார்கள், பல்கனி மின்நிலையம் என்று அர்த்தம். பெயர் பெரிது, சாமான் சின்னது.

எத்தினை வாற் வரைக்கும் வைக்கலாம்? 600 எண்டினம், 800 எண்டினம், 2000 எண்டும் சொல்லினம்.

சொன்ன மூன்று பேரிலும் பிழை இல்லை. 600 என்பது பழைய எல்லை. 2024 மே 16இலிருந்து இன்வேட்டர் வெளியே விடக்கூடியது 800 வரை. 2000 என்பது பலகைகளின் மொத்த வலு. அதாவது பலகைகளைக் கூட்டினால் 2000 வாற் வரை இருக்கலாம், ஆனால் இன்வேட்டர் 800க்கு மேல் வீட்டுக்குள் விடக்கூடாது.

பிறகு ஏன் கூடுதல் பலகை என்று கேட்பீர்கள். பலகையில் எழுதியிருக்கிற வலு, ஆய்வுகூடத்தில் நேர் வெளிச்சத்தில் அளந்தது. பல்கனிக் கம்பியில் நிமிர்ந்து தொங்கும்போதோ மேகமூட்டத்திலோ அதில் பாதி வந்தாலே பெரிய காரியம். கூடுதல் பலகை இருந்தால் காலையிலும் பின்னேரமும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 960 வாற்றுக்கு மேல் போனால் பிளக் விஷயம் மாறும். அதைக் கீழே பிளக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன், வாங்க முதல் அதையும் வாசியுங்கள்.

ஆரிட்டயும் பதிய வேணுமோ? பதியாட்டி என்ன செய்வாங்கள்?

பதிய வேண்டும், ஒரே ஒரு இடத்தில். மார்க்ட்ஸ்டம்டாட்டன்ரெகிஸ்டர் என்ற அரச இணையப் பதிவேடு. அதை நடத்துவது புண்டஸ்நெட்ஸ்அகென்டூர், மின்வலைகளை மேற்பார்வை செய்யும் அரச நிறுவனம். பலகையைப் பூட்டி ஓடவிட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். முன்பு மின்வலை நிறுவனத்துக்கும் தனியாகக் கடிதம் போட வேண்டியிருந்தது, 2024 மே மாதத்தோடு அந்த வேலை ஒழிந்தது. பதிவேடே அவர்களுக்கு அறிவித்துவிடும்.

பெயர், முகவரி, ஓடத் தொடங்கிய திகதி, பலகைகளின் மொத்த வலு, இன்வேட்டரின் வலு, மீற்றர் இலக்கம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கால் மணித்தியாலம்தான். பதிவுக்குக் காசு கிடையாது. ஏதாவது ஒரு தளம் பதிவுக் கட்டணம் கேட்டால் நீங்கள் பிழையான இடத்தில் நிற்கிறீர்கள். பதியாமல் விட்டால் அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் இந்தப் பதிவேட்டில் இருந்த பல்கனிச் சோலர்கள் 10 லட்சத்தைத் தாண்டின. அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் இருப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அரசாங்கப் படிவம் என்றாலே ஒரு நடுக்கம், எனக்கும் அது இருந்தது. இதற்கு அது தேவையே இல்லை.

எங்கட மீற்றர் பழசு, தட்டுச் சுத்திற மீற்றர். அது பின்னுக்குச் சுத்தினாப் பிரச்சினை வருமோ?

எங்கள் கட்டிட நிலவறையிலும் அதுதான் இருந்தது. கறுப்புப் பெட்டி, கண்ணாடிக்குப் பின்னால் அலுமினியத் தட்டு, விளிம்பில் ஒரு சிவப்பு அடையாளம். பூட்டிய முதல் ஞாயிறு மத்தியானம் மகனோடு கீழே இறங்கிப் பார்த்தேன். சிவப்பு அடையாளம் மெதுவாக வந்து, நின்று, பிறகு வந்த வழியே திரும்பியது.

முன்பு இது சட்டவிரோதம். பழைய மீற்றரை மாற்றிய பிறகுதான் பலகையை ஓடவிடலாம் என்றிருந்தது. 2024 மே மாதத்திலிருந்து, நீங்கள் பதிந்துவிட்டீர்கள் என்றால், புதிய மீற்றர் பூட்டும் வரைக்கும் பழையது பின்னுக்குச் சுற்றினாலும் குற்றம் இல்லை. மாற்றுவது மீற்றர் நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் கடிதம் போட்டால் நாள் கொடுத்து உள்ளே விடுங்கள். புதிய மீற்றரில் 1.8.0 என்று வருவது நீங்கள் மின்வலையிலிருந்து, அதாவது வெளியிலிருந்து, எடுத்த யூனிற், 2.8.0 என்று வருவது நீங்கள் வலைக்குக் கொடுத்தது.

வாடகை வீடு அண்ணை. வீட்டுக்காரனிட்டக் கேக்காமல் கொழுவினா என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன் என்றே சொல்லலாம். பத்துப் பேர் கேட்டால் ஏழு பேர் இதைத்தான் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கேட்டால் இல்லை என்பான், பிறகு வேறு பிரச்சினையும் எடுப்பான், பேசாமல் கொழுவிவிடுவோம் என்ற எண்ணம். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். கேட்காமல் வெளிப்பக்கம் கொழுவினால் கழற்றச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கு வந்துவிடும். கேட்டுவிட்டுச் செய்தால் சட்டம் உங்கள் பக்கம்.

2024 ஒக்டோபர் 17இலிருந்து ஜேர்மன் சிவில் சட்டத்தின் 554ஆம் பிரிவில் பல்கனிச் சோலரும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடவும், மின்காருக்குச் சார்ஜ் பெட்டி பூட்டவும் வாடகையாளர் அனுமதி கேட்டுப் பெறலாம் என்று ஏற்கனவே இருந்த பட்டியல் அது. இப்போது, வைக்கலாமா என்ற கேள்விக்கு வீட்டுக்காரர் சும்மா மறுக்க முடியாது. தன்னால் தாங்க முடியாத ஒரு காரணம் இருக்க வேண்டும். எப்படி வைப்பது என்பதில் அவர் சொல்லலாம். கம்பிக்கு உள்ளே வையுங்கள், சுவரில் துளையிட வேண்டாம், இன்ன நிறம் இருக்கட்டும் என்பதெல்லாம் நியாயமான கோரிக்கைகள்.

கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: என்ன சாமான், எத்தனை வாற், எந்த இடத்தில், எப்படிப் பூட்டப் போகிறேன், சுவரில் துளை இல்லை, காப்புறுதி இருக்கிறது, வீடு விடும்போது நானே கழற்றிக்கொண்டு போவேன். கூடவே பல்கனியின் ஒரு படம், தாங்கியின் விளக்கத்தாள், இன்வேட்டரின் சான்றிதழ். ஒரு பக்கம்கூட வரவில்லை. பிள்ளைகளைக் கொண்டு ஜேர்மனில் திருத்தினாலே போதும்.

வீட்டுக்காரன் "ஏலாது" எண்டு ஒரு வரியில எழுதிப்போட்டான். இனி?

ஒரு வரி மறுப்பு போதாது. காரணத்தை எழுத்தில் தரும்படி, 554ஆம் பிரிவைச் சொல்லி, மரியாதையாகத் திருப்பி எழுதுங்கள். கட்டிடம் பாதுகாக்கப்பட்ட பழைய மாளிகை, பல்கனிக் கம்பி துருப்பிடித்துப் பாரம் தாங்காது என்பவை உண்மையான காரணங்கள். "வடிவாக இருக்காது" என்பது மட்டும் காரணமாக நிற்பது கடினம்.

அதற்கும் அசையாவிட்டால் உள்ளூர் வாடகையாளர் சங்கத்தில், மீட்டர்ஃபெரைன் என்பார்கள், உறுப்பினராகுங்கள். அவர்களுடைய ஒரு கடிதத்தோடு பல இடங்களில் விஷயம் முடிந்திருக்கிறது. கோபத்தில் வாடகையைக் குறைத்துக் கட்டுவதோ, மறுப்பை மீறிக் கொழுவுவதோ வேண்டாம்.

நாங்கள் சொந்தமா ஃபிளாட் வாங்கினனாங்கள். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேலாதுதானே?

சொல்லலாம். ஃபிளாட் உங்களுடையது, ஆனால் பல்கனியின் வெளிப்பக்கம் எல்லா உரிமையாளருக்கும் பொதுவானது. எனவே உரிமையாளர் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். அதே ஒக்டோபர் 17 மாற்றத்தால் அங்கேயும் கூட்டம் அடியோடு மறுக்க முடியாது, எப்படி என்பதைத்தான் தீர்மானிக்கலாம். அந்தக் கூட்டம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும் என்பதால் நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லி நேரத்தோடு நிர்வாகத்துக்கு எழுதிவிடுங்கள். தனி வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை இல்லை.

சாதாரண பிளக் காணுமோ, இல்லாட்டி அந்த விசேஷ பிளக் வேணுமோ?

பல வருடம் இழுபட்ட கேள்வி. பழைய தரநிலை வீலாண்ட் வகை விசேஷ பிளக்கைக் கேட்டது, கடைக்காரர் சாதாரண ஷூகோ பிளக்கோடு விற்றார்கள், சனமும் அதையே கொழுவியது. 2025 டிசம்பரில் இந்தச் சாமானுக்கென்றே ஒரு தரநிலை வந்தது. பலகைகளின் மொத்தம் 960 வாற் வரை என்றால், அந்தத் தரநிலைப்படி செய்த சாதாரண பிளக் போதும். 960க்கு மேல் 2000 வரை என்றால் விசேஷ சொக்கெட் வேண்டும், அதை மின்தொழிலாளியைக் கொண்டுதான் பூட்ட வேண்டும்.

எனவே வாடகைக்கு இருப்பவர்களுக்கு என் யோசனை: 430 அல்லது 440 வாற் பலகை இரண்டோடு நிறுத்துங்கள். 960க்குள் அடங்கும், வீட்டு வயரில் கை வைக்கத் தேவையில்லை.

பிளக்கை இழுத்தெடுத்தா அந்தக் கம்பியில கரண்ட் அடிக்காதோ? வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கு.

நியாயமான பயம். சரியான இன்வேட்டர் வலையில் மின்சாரம் இருப்பதை உணர்ந்தால் மட்டுமே வேலை செய்யும். பிளக் கழன்றதும் 0.2 செக்கனுக்குள் நின்றுவிட வேண்டும் என்பது விதி. பிள்ளை பிளக்கை இழுத்துக் கம்பியில் விரல் வைப்பதற்குள் அதில் ஒன்றும் இருக்காது.

ஆனால் அது சரியான இன்வேட்டராக இருக்க வேண்டும். 2023இல் நன்றாக விற்ற ஒரு வகை இன்வேட்டரில், துண்டிக்கிற ரிலே உள்ளே இல்லாமலே சந்தைக்கு வந்தது தெரிந்து பெரிய பிரச்சினையானது. வாங்கும்போது விடிஈ-ஏஆர்-என் 4105 என்ற ஜேர்மன் மின்வலை இணைப்பு விதியின் இலக்கம் போட்ட சான்றிதழைக் கேளுங்கள். தராத கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

பல்கனியில ஒரே ஒரு சொக்கெட்தான். மல்ட்டி பிளக் போட்டு அதில சோலரையும் மற்றதுகளையும் கொழுவலாமோ?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் கையைப் பிடித்துத் தடுக்கக்கூடிய ஒரு விஷயம் இருந்தால் அது இதுதான். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். வீட்டு ஃபியூஸ் பெரும்பாலும் 16 அம்பியர். அதைத் தாண்டினால் அது விழுந்து உங்களைக் காப்பாற்றும். ஆனால் சோலர் மின்சாரம் ஃபியூஸ் வழியாக வருவதில்லை, மறுபக்கத்தால் வருகிறது. 800 வாற்றை 230ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட மூன்றரை அம்பியர். எனவே ஃபியூஸ் 16 அம்பியரை விட, பலகை மூன்றரையைச் சேர்க்க, மல்ட்டி பிளக்கின் மெல்லிய உலோகத் தகட்டில் 19.5 அம்பியர் ஓடலாம். ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. சுவர் வயர் இந்தக் கூடுதலைத் தாங்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மலிவு மல்ட்டி பிளக்கை யாரும் அப்படிக் கணக்கிடவில்லை. அது உருகும்.

சுருட்டி வைத்த நீள வயரும் இதே காரணத்துக்காக வேண்டாம். பல்கனியில் சொக்கெட்டே இல்லையென்றால், அனுமதிக் கடிதத்தில் அதையும் சேர்த்துக் கேட்டு, மின்தொழிலாளியைக் கொண்டு ஒன்று போடுங்கள். திருகும் பீங்கான் ஃபியூஸ் இருக்கும் பழைய கட்டிடம் என்றால் முதலில் வயரை ஒருவர் பார்க்கட்டும்.

மூண்டாம் மாடி. காத்துக்குக் கழண்டு ஆரின்ர தலையிலயும் விழுந்தா?

ஒரு பலகை 20 கிலோ வரும், கிட்டத்தட்ட இரண்டு சதுர மீற்றர். காற்றுக்கு அது ஒரு கப்பல் பாய். பிளாஸ்ரிக் பட்டியால் கட்டித் தொங்கவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வெயிலில் அந்தப் பட்டி இரண்டு வருடத்தில் பிஸ்கற் மாதிரி நொறுங்கும். அந்தக் கம்பிக்கென்றே விற்கும் துருப்பிடிக்காத தாங்கியை வாங்குங்கள். நான் ஒவ்வொரு ஒக்டோபரும் புயல் காலத்துக்கு முதல் சாவியை எடுத்து எல்லா நட்டுகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன். போன தடவை எட்டில் இரண்டு கையாலேயே திரும்பின.

நான்கு மீற்றருக்கு மேலே, ஆட்கள் நடக்கும் பாதைக்கு நேரே கண்ணாடிப் பலகை தொங்குவதற்குக் கட்டிட விதிகள் கடுமையானவை. அதற்காகவே கண்ணாடி இல்லாத மெல்லிய பலகைகள் வருகின்றன. விலை கூட, பாரம் மிகக் குறைவு. மூன்றாம் மாடிக்கு அதையே பாருங்கள். அப்புறம் காப்புறுதி: விழுந்து மற்றவருக்குச் சேதம் என்றால் உங்கள் தனிப்பட்ட ஹாஃப்ட்ஃப்ளிக்ட் காப்புறுதிதான் கட்ட வேண்டும். பல்கனிச் சோலர் அதில் அடங்குமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள். அனுமதிக் கடிதத்தோடு இணைக்கவும் அது உதவும்.

வருசம் எவ்வளவு மிச்சம் வரும்? உண்மையச் சொல்லுங்கோ.

தெற்கு பார்த்து, நிழல் இல்லாமல் இருந்தால் 800 வாற் செற் வருடத்துக்கு ஏறக்குறைய 500 முதல் 700 யூனிற் தரும். அதில் நீங்கள் அந்த நேரத்திலேயே பாவிப்பதுதான் காசு. 350 யூனிற் பாவித்தால், ஒரு யூனிற் 35 சதம் என்று வைத்தால், வருடத்துக்கு 120 யூரோ சொச்சம். செற் 300 முதல் 500 யூரோ, எனவே மூன்று நான்கு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். வடக்கு பார்த்த பல்கனி என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முன்னால் பெரிய மரம் நின்றாலும் அப்படித்தான்.

எங்கள் வீடுகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மீனும் இறைச்சியும் போட்டு வைக்கும் பெரிய உறைபெட்டி இரவு பகலாக ஓடுகிறது. மத்தியானம் சோறு போடுகிறோம், மாவு அரைக்கிறோம். தோசைக்கு அரைப்பதையும் உடுப்புத் தோய்ப்பதையும் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் வைத்துக்கொண்டால் அவ்வளவும் வெயிலில் ஓடும். சில நகரசபைகள் உதவித்தொகையும் கொடுக்கின்றன. ஆனால் பெரும்பாலும் வாங்க முதல் விண்ணப்பித்திருக்க வேண்டும், எனவே முதலில் நகரசபைப் பக்கத்தைப் பாருங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

பலகை ஒரு ஃபேஸில, குசினி அடுப்பு இன்னொரு ஃபேஸில. அப்ப அடுப்புக்கு அந்தக் கரண்ட் வராதுதானே?

வீட்டுக்குள் மின்சாரம் கொண்டுவரும் தனித்தனி மின்கம்பிகள்தான் ஃபேஸ். வயரில் வராது, பில்லில் வரும். இங்குள்ள மீற்றர்கள் மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்துத்தான் எண்ணும். ஒன்றில் 500 வாற் வெளியே போய், இன்னொன்றில் 500 வாற் உள்ளே வந்தால் மீற்றருக்குச் சுழியம். எந்தச் சொக்கெட் என்று தலையை உடைக்க வேண்டாம்.

மிச்சக் கரண்டுக்குக் காசு தருவாங்களோ? வரி கட்ட வேணுமோ?

இந்த எளிய முறையில் பதிந்தால் மிச்சம் இலவசமாக வலைக்குப் போகும். காசு வேண்டுமென்றால் பெரிய சோலர் மாதிரி முழு நடைமுறையும் பார்க்க வேண்டும். வருகிற சில யூரோவுக்கு அது வீண் அலைச்சல்.

வாங்கும்போது விற்பனை வரி 2023 ஜனவரி 1இலிருந்து சுழியம். பில்லில் 19 வீதம் போட்டிருந்தால் கடைக்காரரைக் கேளுங்கள். வருமான வரியும் இல்லை.

ரண்டு செற் வைக்கலாமோ? ஒண்டு என்ர பேரில, மற்றது மனிசியின்ர பேரில.

800 என்பது ஆளுக்கு இல்லை, மீற்றருக்கு. ஒரே மீற்றருக்குப் பின்னால் யார் பெயரில் எத்தனை செற் வைத்தாலும் எல்லாம் கூட்டி 800தான். கூடுதல் வேண்டுமானால் நான் முதலில் சொன்ன மாதிரி பலகையைக் கூட்டலாம், இன்வேட்டரைக் கூட்ட முடியாது.

பற்றறியும் சேத்து வாங்கினா?

வாங்கலாம். அதையும் அதே பதிவேட்டில் தனியாகப் பதிய வேண்டும், 800 எல்லை அப்படியே இருக்கும். பகலில் வீட்டில் ஒருவரும் இல்லாத குடும்பத்துக்குப் பற்றறி உதவும். அம்மா அப்பா வீட்டில் இருந்து மத்தியானம் சமைக்கிற வீட்டுக்கு அவசரம் இல்லை. முதல் ஒரு வருடம் பற்றறி இல்லாமல் ஓட்டி, 2.8.0இல் எவ்வளவு வீணாகப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீடு மாறினா என்ன செய்யிறது?

கழற்றிக்கொண்டு போகலாம், அதுதான் இதில் உள்ள நன்மை. பதிவேட்டில் முகவரியையும் மீற்றர் இலக்கத்தையும் மாற்றுங்கள். புதிய வீட்டுக்காரரிடம் புதிதாக அனுமதி கேட்க வேண்டும், பழைய கடிதத்தில் முகவரியை மாற்றினால் போதும்.

சுவிஸில அக்கா இருக்கிறா. அவவுக்கும் இதே சட்டமோ?

இல்லை. அங்கே எல்லை 600 வாற், பூட்ட முதல் மின்வலை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். இங்கே வாங்கிய 800 செற்றை எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கொழுவ வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஊரில அம்மா அப்பாவுக்கு ஒரு செற் அனுப்பினா, கரண்ட் போற நேரத்தில லைற் எரியுமோ? அங்கயும் 230 வோல்ற்தானே.

வோல்ற் ஒன்றுதான், ஆனால் எரியாது. பிளக்கை இழுத்தெடுக்கிற கேள்வியில் சொன்னதை நினையுங்கள்: வலையில் மின்சாரம் இல்லையென்றால் இன்வேட்டர் 0.2 செக்கனில் நிற்கும். 2022இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நேரத்தில் உச்சி வெயிலில்கூட இந்தச் செற் சும்மாதான் தொங்கியிருக்கும். இங்கேயும் அப்படித்தான், மின்சாரம் போனால் இதுவும் போகும்.

தவிர, ஊரில் சோலரை வலையோடு இணைக்க மின்சாரம் தரும் நிறுவனத்திடம் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். சொக்கெட்டில் கொழுவுகிற வழி அங்கே இல்லை. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்குப் பாவனை குறைந்தபோது, வலை தாங்காது என்று கூரைச் சோலர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. யாருக்கும் தெரியாமல் கொழுவிய பலகைகளை அந்த மாதிரி நேரத்தில் யாரும் கணக்கில் எடுக்க முடியாது. அம்மா அப்பாவுக்கு வேண்டியது பற்றறியோடு தனியாக ஓடும் சின்னத் தொகுதி: ஒரு பலகை, ஒரு பற்றறி, இரண்டு லைற், ஒரு காற்றாடி. அதை ஊரிலேயே வாங்கிக் கொடுங்கள். பழுதானால் திருத்த ஆள் பக்கத்திலேயே இருப்பார்.